வேரும் விதையும்

மக்கள் நோயுற்ற காலந்தொட்டே மருந்தைத் தேடி வருகின்றனர். அத்தேட்டத்தில் அவர்களுக்கு முதற்கண் உதவியவை காட்டிலும் மேட்டிலும் தாமே முளைத்த மரஞ்செடி கொடிகளேயாம். வேர், பட்டை, இலை, பூ, காய், விதை என ஒவ்வோர் உறுப்பையும் சுவைத்தும் முகர்ந்தும் அரைத்தும் காய்ச்சியும் பார்த்து, இன்னது இன்ன நோய்க்கு ஆகும், இன்னது ஆகாது எனப் பல தலைமுறையினர் கண்டறிந்தனர். அவ்வறிவு சித்த மருத்துவம், ஆயுர்வேதம், யுனானி என நூல்வடிவம் பெற்றது. நூலில் ஏறாத பகுதி, பாட்டிமார் கைம்மருந்தாக வீடுதோறும் நின்றது. உடற்பிணிக்கு மட்டுமன்றி, உறக்கமின்மை, மறதி, சித்தக் கலக்கம் முதலிய உள்ளத்தின் பிணிகளுக்கும் மூலிகைகள் வழங்கப்பட்டன.

புதுச்சேரி நகரின் மேற்கே, விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது ரெட்டியார்பாளையம். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த அவ்வூர், இந்நாளில் வீடுகளும் கடைகளும் நெருங்கிய நகர்ப்பகுதி. ஆண்டுத் தேர்வு நெருங்கும் மாசி, பங்குனித் திங்கள்களில், தமிழ் வழங்கும் பிற ஊர்களிற் போலவே அங்கும் வல்லாரைப் பொடி, வல்லாரை மாத்திரை, நீர்ப்பிரம்மிச் சாறு ஆகியவற்றைப் பெற்றோர் நாடுவர். தம் மக்கள் படித்ததை மறவாதிருக்க வேண்டும் என்னும் ஆவலே அதற்குக் காரணம். இத்தகைய மருந்துகள் சிலவற்றின் புட்டிமேல், ‘ஆராய்ச்சியால் மெய்ப்பிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருப்பதும் உண்டு. அத்தொடரைக் கண்டதும் நம்பி வாங்குவோர் பலர். நகைத்துவிட்டு அகல்வோர் சிலர். எப்பொருளை ஆராய்ந்தனர், எவ்வளவு கொடுத்தனர், எவ்வுயிர்க்குக் கொடுத்தனர், எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தனர் என்னும் நான்கு வினாக்களைக் கேட்போர் மிக அரியர்.

மூலிகை பற்றிப் பேசுவோர் இன்று இரு திறத்தினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். முன்னோர் கூறியவை அனைத்தும் பழுதற்றவை. அவற்றைச் சோதிக்க முற்படுதலே பெரியோரை அவமதித்தலாகும் என்பர் ஒரு திறத்தார். பச்சிலையும் வேரும் அறியாமைக் காலத்து எச்சங்கள்; அவற்றில் அறிவுடையார் கருத்துச் செலுத்தல் வீண் என்பர் மற்றொரு திறத்தார். இவ்விரு கூற்றும் குறையுடையன. முன்னோர் கண்டது ஒரு நல்ல வினாவின் தொடக்கம். அவ்வினாவுக்கு விடை காண்பது பின்வந்தோர் கடமை. வினாவை இகழ்பவனும் விடை தேட மறுப்பவனும் ஒரே இழப்பையே அடைகின்றனர். இந்திய மண்ணில் வளரும் இரண்டு செடிகளின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். ஒன்றன் மருந்து வேரில் உள்ளது; மற்றொன்றன் மருந்து விதையில் உள்ளது.

முதற்செடி சர்ப்பகந்தி. தமிழில் இதனைச் சிவன் அமல்பொடி என்றும் வழங்குவர். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த இக்குறுஞ்செடி, இமயமலை அடிவாரம் முதல் மேற்குத் தொடர்ச்சி மலை வரை, ஈரமும் நிழலும் உள்ள காடுகளில் வளர்வது. இலைகள் கணுவுக்கு மூன்று நான்காய்ச் சூழ்ந்து நிற்கும். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்கள் கொத்தாய் மலரும். பழம் முற்றியபின் கருநீலமாகும். நெளிந்து செல்லும் அதன் வேர், பாம்பின் உருவை நினைப்பூட்டுவது. பாம்புக்கடிக்கும், உறக்கமின்மைக்கும், சித்தக் கலக்கத்துக்கும் அவ்வேரை மக்கள் நெடுங்காலம் பயன்படுத்தினர். பீகார்ப் பகுதியில் அதற்குப் பைத்திய மருந்து என்று பொருள்படும் பெயரே வழங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் கீழ்நாடுகளில் பயணஞ்செய்து மூலிகைகளைத் தேடிய செர்மானிய மருத்துவர் ரவுல்ஃப் என்பாரின் நினைவாக, மேனாட்டார் இச்செடியினத்துக்கு ரவுல்ஃபியா எனப் பெயரிட்டனர்.

பெயரும் புகழும் இருந்தபோதிலும், அவ்வேரில் உள்ள எப்பொருள் அமைதியைத் தருகிறது என்பதை எவரும் அறிந்திலர். 1931-ஆம் ஆண்டில் இந்தியாவில் இருவேறு இடங்களில் இவ்வினா எழுந்தது. தில்லியில் திப்பியாக் கல்லூரியைச் சார்ந்து உழைத்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கியும் ரபத் உசேன் சித்தீக்கியும் வேரிலிருந்து சில காரப் பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு, அக்கல்லூரியைப் பேணி வளர்த்த ஹகீம் அஜ்மல்கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் சூட்டினர். அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் மருத்துவர்கள், சித்தக் கலக்கமுற்றார்க்கும் இரத்தக் கொதிப்புடையார்க்கும் இவ்வேரைக் கொடுத்து, கண்ட பயனை மருத்துவ ஏடொன்றில் எழுதினர். 1949-ஆம் ஆண்டில் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்தக் கொதிப்புடையார் 50 பேருக்கு இதனைக் கொடுத்துக் கண்ட முடிவுகளை இங்கிலாந்தின் இதயநோய் ஏட்டில் வெளியிட்டார். உலகின் கண் அப்போதுதான் சர்ப்பகந்தியின்மேல் திரும்பியது. 1952-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் சீபா என்னும் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், சிலிட்லர், பைன் என்னும் மூவர், அமைதி தரும் முதன்மைப் பொருளைத் தனியே பிரித்து, அதற்கு ரெசர்பின் எனப் பெயரிட்டனர்.

இங்கு ஒரு கருத்தை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். வேரைப் பொடித்து உண்ணுங்காலத்தில், ஒரு சிட்டிகையில் மருந்து எவ்வளவு உள்ளது என்று எவராலும் கூற இயலாது. மழைமிகுந்த நிலத்து வேரில் ஒரு அளவு, வறண்ட நிலத்து வேரில் வேறோர் அளவு. இளவேரில் ஒரு அளவு, முதிர்ந்த வேரில் வேறோர் அளவு. பொருளைத் தனியே பிரித்தபின் அதனைத் துலாக்கோலில் இட்டு நிறுக்கலாம். இன்று கொடுத்த அளவையே நாளையும் கொடுக்கலாம். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கற்றறிந்த மருத்துவன் கருதவேண்டும் எனக் கூறுகிறது. நோயாளியின் அளவறிந்து கொடுக்க விரும்புவோன், மருந்தின் அளவையும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? பாசல் நகரத்து மூவர் செய்தது, பழைய அறத்துக்கு மாறானதன்று. அதனை நிறைவேற்ற ஒரு கருவி தந்ததாகும்.

ரெசர்பின் கைக்கு வந்தபின் அடுத்த வினா பிறந்தது. அஃது உடலின் எப்பகுதியில், எவ்வாறு செயற்படுகிறது? மக்களின் மூளையைத் திறந்து பார்த்தல் இயலாது. ஆதலின், ஆய்வாளர் சுண்டெலியையும் முயலையும் நாடினர். சுண்டெலி சிறியது, விரைந்து பெருகுவது, அதன் மூளை அளவில் ஒரு சிறு அவரை விதையை ஒத்ததாயினும், நரம்பணுக்களின் அடிப்படை அமைப்பில் மக்கள் மூளையோடு பெரிதும் ஒத்திருப்பது. ரெசர்பின் செலுத்தப்பட்ட சுண்டெலி ஓடுவதை நிறுத்தும், முதுகு வளைந்து ஓரிடத்தே அமரும், கண்ணிமை தாழும். அது துயில்வதுமன்று, இறந்ததுமன்று. உடலில் வலிமை இருந்தும் எழுந்து நடக்கும் முனைப்பு அதனிடம் இல்லை. அக்காட்சியைக் கண்டு, ‘அமைதியுற்றது’ என எழுதி முடித்திருந்தால், ஆராய்ச்சி அங்கேயே நின்றிருக்கும். அவ்வமைதியின் காரணம் யாது என்று கேட்டவர்களே மேற்சென்றனர்.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்கும் மற்றோர் அணுவுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. செய்தியை அவ்விடைவெளி கடத்திக் கொண்டுசெல்லும் பொருள்களைத் தூதுப் பொருள்கள் எனலாம். உழவர், விளைந்த நெல்லைக் குதிரில் சேர்த்து வைத்து, வேண்டும்போது எடுத்தல் போல, நரம்பணுவும் தூதுப் பொருளைச் சிறு பைகளில் சேர்த்து வைத்து, வேண்டும்போது வெளிவிடும். ரெசர்பின் அப்பைகளின் வாயிலை அடைத்துவிடுகிறது. பைக்குள் செல்ல இயலாத தூதுப் பொருள் வெளியே கிடந்து சிதைந்து போகிறது. குதிரில் சேராமல் களத்திற் கிடந்த நெல் மழையிற் கெடுவது போன்றது இது. அமெரிக்க நாட்டில் ஆராய்ந்த பிளெட்சர், ஷோர், பிராடி ஆகியோர், ரெசர்பின் செலுத்திய விலங்கின் மூளையில் செரட்டோனின் என்னும் தூதுப் பொருள் குன்றியிருப்பதை 1955-ஆம் ஆண்டில் காட்டினர். நார்அட்ரினலின் என்னும் பொருளும் அவ்வாறே குன்றுவதை அடுத்த ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கண்டனர். அவ்வாறாயின், சுண்டெலியை அசைவறச் செய்தது எப்பொருளின் குறைவு?

இவ்வினாவுக்கு விடை காண, சுவீடன் நாட்டு லுண்டு நகரில் ஆர்விட் கார்ல்சன், மார்கிட் லிண்ட்குவிஸ்ட், டோர் மாக்னுசன் ஆகியோர் 1957-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். ரெசர்பினால் அசைவற்றிருந்த சுண்டெலிகளுக்கும் முயல்களுக்கும் டோபா என்னும் பொருளைச் செலுத்தினர். சிறிது நேரத்துள் அவை தலைதூக்கின, எழுந்தன, நடமாடின. செரட்டோனினை உண்டாக்கும் மூலப்பொருளைச் செலுத்தியபோது அவ்விளைவு ஏற்படவில்லை. இவ்வொப்பீடு இல்லையேல் முதற்காட்சிக்குப் பொருளில்லை. ஏதேனும் ஒன்றைச் செலுத்தினாலே எலி எழும் என்று எவரும் வாதிட்டிருக்கலாம். ஒன்று எழுப்பியது, மற்றொன்று எழுப்பவில்லை என்று காட்டியமையால், விடை தெளிவாயிற்று. டோபா மூளையினுள் டோபமின் என்னும் பொருளாக மாறுகிறது. அதுவரை டோபமினை, வேறொரு பொருள் உண்டாகும் வழியில் தோன்றி மறையும் இடைப்பொருள் என்றே பலர் கருதினர். அதுவே தனித்ததொரு தூதுப் பொருள் என்றும், உடலின் இயக்கத்துக்கு அஃது இன்றியமையாதது என்றும் லுண்டு நகரத்து எலிகளும் முயல்களும் வழிகாட்டின. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இனி இரண்டாம் செடியைக் காண்போம். பூனைக்காலி என்பது வேலிகளிலும் புதர்களிலும் ஏறிப் படரும் கொடி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கருஞ்செந்நீலப் பூக்கள் கொத்தாய்த் தொங்கும். காயின்மேல் அடர்ந்திருக்கும் சுணை கையிற் பட்டால், பொறுக்க இயலாத நமைச்சல் உண்டாகும். ஆதலின் சிறுவர் அதனை அஞ்சி விலகுவர். சித்த மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் அவ்விதையைத் தூய்மை செய்து மருந்துகளிற் சேர்ப்பர். நரம்பு தளர்ந்தார்க்கும் அது பயன்படுவதாக அவர்கள் கூறி வந்தனர். சென்னைச் சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில், தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர் இவ்விதையை ஆராய்ந்தனர். அதனின்று டோபாவைப் பிரித்தெடுத்து, 1937-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு உயிர்வேதியியல் ஏட்டில் வெளியிட்டனர். சுண்டெலிகளை எழுப்பிய அதே பொருள், லுண்டு ஆய்வுக்கு 20 ஆண்டுகளுக்கு முன்னரே சேப்பாக்கத்து ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பியில் இருந்தது!

இச்செய்தியைக் கேட்டவுடன் சிலர் தோள் தட்டுவர். உலகுக்கு முன் இந்நாட்டார் எல்லாம் அறிந்திருந்தனர் என முழங்குவர். அஃது உண்மைக்குப் பொருந்தாது. அவரை விதையினின்று டோபாவை 1913-ஆம் ஆண்டிலேயே பாசல் நகரில் குக்கன்ஹைம் என்பார் பிரித்தெடுத்துவிட்டார். சென்னை ஆய்வே லுண்டு ஆய்வுக்கு வித்து என்பதற்கும் சான்று இல்லை. மூளையில் டோபமினுக்கு உள்ள பணியை 1937-ஆம் ஆண்டில் உலகில் எவரும் அறியார். ஆகவே பூனைக்காலி விதையை எவ்வினாவோடு இணைப்பது என்பதும் எவருக்கும் விளங்கவில்லை. இதனால் அவ்விருவர்தம் உழைப்புச் சிறுமையுறாது. செய்த செயலை அளந்து போற்றுதல் பெருமை. செய்யாத செயலையும் ஏற்றிச் சொல்லுதல் இழுக்கு. தாமோதரனும் இராமசுவாமியும் தாம் கண்டதை மட்டும் எழுதினர். அவர்களைப் போற்றுவோரும் அந்நேர்மையைக் கைக்கொள்ளுதல் முறையாகும்.

எலிகள் காட்டிய வழியில் மருத்துவ உலகம் விரைந்து சென்றது. நடுக்குவாதம் என்பது முதியோரைப் பெரிதும் பற்றும் நோய். கை நடுங்கும், உடல் விறைக்கும், அடியெடுத்து வைத்தல் அரிதாகும், முகத்தில் மெய்ப்பாடு மங்கும். 1817-ஆம் ஆண்டில் இதனை விரித்தெழுதிய இலண்டன் மருத்துவர் பெயரால் பார்க்கின்சன் நோய் எனவும் வழங்கும். ரெசர்பின் உண்டார் சிலரிடத்து இந்நோயை ஒத்த விறைப்பும் நடுக்கமும் தோன்றியதை மருத்துவர் முன்னரே கண்டிருந்தனர். 1960-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் எரிங்கர், ஹோர்னிக்கிவிச் என்னும் இருவர், இந்நோயால் இறந்தாருடைய மூளையின் ஒரு பகுதியில் டோபமின் மிகவும் குன்றியிருப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே நோயாளிகளுக்கு டோபா செலுத்தப்பட்டது; எழ இயலாதார் சிலர் எழுந்தனர். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மருத்துவர் சியார்சு காட்சியஸ், சிறிது சிறிதாக அளவை உயர்த்தி வாய்வழியாகக் கொடுக்கும் முறையைக் காட்டினார். அன்றுதொட்டு இன்றுவரை டோபாவே அந்நோய்க்குத் தலையாய மருந்தாக விளங்குகிறது. நோயை அது வேரறுப்பதில்லை; ஆயினும், முடங்கிக் கிடந்தோர் பலர் நடமாடவும் தம் கையால் உண்ணவும் துணைசெய்கிறது.

ஒரு வேர் எலியை அசைவறச் செய்தது. ஒரு விதையிலும் உள்ள பொருள் அதனை எழுப்பியது. இவ்வரலாற்றினின்று பெறத்தக்க முதற்பாடம், அளவு பற்றியது. டோபா பூனைக்காலியில் உள்ளதாயின், விதையை வாங்கி அரைத்து உண்ணலாமே எனச் சிலர் எண்ணலாம். விதைக்கு விதை அதன் அளவு வேறுபடும். அளவு மிகின் குமட்டலும் மயக்கமும் கைகால் தாமே நெளிதலும் உண்டாகும், குறையின் பயனில்லை. வேறு மருந்துண்போர்க்கு அதனால் தீங்கும் நேரலாம். இதனை அறிந்தோர் விதையை ஒதுக்கிவிடவில்லை, முறையாகச் சோதித்தனர். இலண்டனில் 2004-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நடுக்குவாதமுடையார் எண்மருக்குப் பூனைக்காலி விதைப் பொடியையும் வழக்கமான மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தனர். எது எந்நாளிற் கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்க்கும் தெரியாது. விதைப் பொடி விரைந்து செயற்பட்டதாக அவ்வாய்வு காட்டியது. எண்மர் என்பது சிறுதொகை. நெடுநாள் உண்டால் விளைவது யாது என்பதை அஃது உரைக்காது. அதனை நடத்தியோரும் மேலும் ஆராய்தல் வேண்டும் என்றே கூறினர்.

இரண்டாம் பாடம், எலி வேறு, மனிதன் வேறு என்பது. எலியிடம் நன்மை செய்த பொருள் பல, மக்களிடம் பயனற்றுப் போயின. எலி தன் துயரைச் சொல்லாது. அதன் நடையையும் இமையையும் கொண்டே ஆய்வாளர் உய்த்துணர வேண்டும். ரெசர்பின் உண்ட இரத்தக் கொதிப்பாளர் சிலர் மனச்சோர்வுற்றதாக 1950-களில் மருத்துவர் பலர் எழுதினர். அது மருந்தால் எந்த அளவுக்கு வந்தது என்பதில் பிற்காலத்தார் கருத்து வேறுபட்டனர். ‘அமைதியுற்ற’ எலியைக் கண்டவர்க்கு, அவ்வமைதி நலமா, சோர்வா எனப் பிரித்தறிதல் எளிதன்று. ஆதலால், எலியிடம் பெற்ற முடிவு ஒரு வாயிலைத் திறக்கும். அவ்வாயிலிற் புகுந்து மக்களிடத்தும் முறையாய்ச் சோதித்த பின்னரே மருந்தென்று அதனைக் கூறல் தகும்.

இந்நான்கு வினாக்களையும் தேர்வுக் காலத்து மருந்துப் புட்டியிடம் கேட்டுப் பார்க்கலாம். நீர்ப்பிரம்மி, எலிகளின் கற்கும் திறனை மிகுவிக்கிறதென இலக்குமணபுரி எனப்படும் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்து சிங், தவன் என்போர் 1982-ஆம் ஆண்டில் எழுதினர். ஆத்திரேலிய நாட்டு ஸ்டவ் என்பாரும் பிறரும், நலமுடைய வளர்ந்தோர் 46 பேரைக்கொண்டு ஆராய்ந்து, 2001-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியார்க்கு நீர்ப்பிரம்மிச் சாரம், மற்றொரு பகுதியார்க்கு மருந்தற்ற வெறும் மாத்திரை. நாள்தோறும் 300 மில்லிகிராம் வீதம் 12 வாரம் உண்டபின், கற்றலிலும் நினைவிலும் சில கூறுகளில் வேறுபாடு கண்டனர். ஒரேயொரு முறை கொடுத்து இரண்டு மணி நேரங்கழித்துச் சோதித்த மற்றோர் ஆய்வில் பயன் ஏதும் காணப்படவில்லை. அவ்வாறாயின், தேர்வுக்குப் பத்து நாள் முன்னர் வாங்கிய புட்டி எவ்வாறு பயன்தரும்? வளர்ந்தோரிடம் கண்டது பள்ளிச் சிறாருக்கும் பொருந்தும் என்பதற்குச் சான்று எங்கே? புட்டியில் உள்ளது ஆய்விற் பயன்பட்ட அதே சாரந்தானா? இவ்வினாக்களுக்கு விடையின்றி ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என அச்சிடுதல், எலியின் உழைப்பையும் ஆய்வாளரின் நேர்மையையும் விற்றுப் பிழைத்தலாகும். வல்லாரையைக் கீரையாகச் சமைத்துண்ணும் வழக்கத்தை எவரும் கடியார். ஆனால் உறக்கத்தைத் துறந்து, பாடத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, மறதிக்கு மாத்திரையை நம்பும் மாணாக்கன் இரண்டையும் இழப்பான்.

இவ்வறிவுக்காக உயிர் நீத்த சிற்றுயிர்களையும் மறத்தல் ஆகாது. எலியாயினும் அதற்கும் வலியுண்டு. இங்கிலாந்தின் ரசல், பர்ச் என்னும் அறிஞர் 1959-ஆம் ஆண்டில் ஒரு நெறியை வகுத்தனர். விலங்கின்றி ஆராய வழியிருப்பின் அதனையே கொள்க. விலங்கு வேண்டுமாயின் எண்ணிக்கையைக் குறைக்க. கொண்ட விலங்குக்கும் துன்பம் மிகாவண்ணம் பேணுக என்பதே அந்நெறி. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டில் நிறைவேறிய விலங்குவதைத் தடைச் சட்டம், இத்தகைய ஆய்வுகளை மேற்பார்வையிடக் குழு அமைக்க வழிசெய்தது. பிழையாக வகுத்த ஆய்வில் மாய்ந்த எலி, வீணே மாய்ந்ததாகும். ஆகவே, ஆய்வைச் செம்மையாக வகுத்தல் அறிவுக்கு மட்டுமன்றி, அருளுக்கும் உரிய கடமையாம்.

செடிகளிடத்தும் அக்கடமை உண்டு. ரெசர்பின் புகழ் பரவியபின், சர்ப்பகந்தி வேருக்கு உலகெங்கும் தேவை மிகுந்தது. மருந்து வேரில் இருத்தலின், வேரைத் தோண்டினால் செடியே அழியும். காடுகளில் அது அருகியது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், 1990-ஆம் ஆண்டில் அச்செடி சேர்க்கப்பட்டது. மூதாதையர் அறிவைப் போற்றுகிறோம் என்போர், அவ்வறிவு குடிகொண்ட செடியைத் தோட்டத்திற் பயிரிட்டுக் காத்தல், மேடையிற் புகழ்தலினும் சிறந்தது.

புதுச்சேரிப் பகுதியில் வாழும் மாணாக்கர்க்கு இவ்வகை ஆராய்ச்சி எட்டாத் தொலைவில் இல்லை. பிரெஞ்சியர் ஆட்சியில் 1823-ஆம் ஆண்டில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த சவகர்லால் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம், சிப்மர் என்னும் பெயரோடு கோரிமேட்டில் உள்ளது. ரெட்டியார்பாளையத்தினின்று அது நெடுந்தொலைவன்று. 1955-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் காடுகளின் செடிகொடிகளை உலர்த்திப் பெயரிட்டுப் பேணும் தொகுப்பொன்றை அதே நகரில் வைத்துள்ளது. வேலியிற் படர்ந்த கொடியின் பெயரைக் கேட்டறிதலும், அதனை வழங்கிய முதியோர் சொல்லைக் குறித்து வைத்தலும், பின்னர் வேதியியலும் உயிரியலும் கற்று அச்சொல்லைச் சோதித்தலும் ஒரே பணியின் படிகளாம்.

முன்னோர் தந்த மூலிகை நூல்களைப் பூட்டி வைத்து வணங்குதலால் அவை வளரா. எள்ளி எறிதலால் பயனும் தாரா. எப்பொருள், எவ்வளவு, எவ்வுயிர்க்கு, எதனோடு ஒப்பிட்டு என்னும் வினாக்களோடு அவற்றை அணுகுதலே முறை. தில்லி, கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் உழைத்தோர் அம்முறையையே கையாண்டனர். அதனாலேயே சர்ப்பகந்தியும் பூனைக்காலியும் உலக மருத்துவத்தில் இடம்பெற்றன. இன்னும் ஆராயப்படாத வேர்களும் விதைகளும் இந்நாட்டில் பல உள. அவற்றைத் துலாக்கோலோடும் பொறுமையோடும் அணுகும் இளைஞரை அவை எதிர்நோக்கியுள்ளன.